பசித்தவன் முகம்

ஜனவரி 5, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அனுசுயா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை. இன்று அவள் அண்ணன் பாலவேசம் போன் செய்தார். மில்லில் சூப்பர்வைசர். வீட்டு ஆட்களிடமும் மில்லில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

“மாப்ள, தங்கச்சிக்கு எடது காது கேக்கல. சவ்வு கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு மாசம் தாரேன். யாரு மேலயும் கை வைக்காம ஒரு மாசம் இருந்து காட்டுங்க. பெறவு பிள்ள பொறந்தநாளுக்கு வாங்க, உக்காந்து பேசுவோம். முடியலன்னா நான் பேச மாட்டேன். வக்கீல் பேசுவாரு.”

பிப்ரவரி 9 அன்று சஷ்டிகாவுக்கு ஆறு வயது முடிகிறது. அன்றைக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதியும் வைத்துவிட்டேன்.

அவளுக்குக் காதில் பட்ட அன்றைக்கு நடந்தது என்ன என்று ஒருத்தராவது கேட்டார்களா? காலையிலிருந்து வெறும் டீ. லேபில் கூட்டம். சாயங்காலம் ஆகப் போகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தால் சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஓர் அறை விட்டேன். நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவன். சர்க்கரை இறங்கினால் மனிதனுக்குக் கண் மண் தெரியாது என்பது எனக்குத் தெரியும், மில் சூப்பர்வைசருக்குத் தெரியாது. எனக்கு இருப்பது கோபம் இல்லை, பசி. அதைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரி.

ஜனவரி 6

பைக் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. அது தனிக்கதை, அன்றும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. பழங்காநத்தத்தில் சிக்கந்தர் கடையில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். சிக்கந்தர் என்னைவிடச் சின்னவன். வாரம் தவறாமல் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு தொலைதூரம் மிதிக்கிறவன். கோவில்பட்டி வரை சைக்கிளில் போகப் போகிறேன் என்றதும் என் தொந்தியைப் பார்த்தான்.

“போலாம்ண்ணே. கால் தன்னால போகும், வயித்ததான் பாத்துக்கிடணும். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்புட்றணும். பசிச்சதுக்கப்புறம் சாப்புட்டா லேட்டு, வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்துருவீங்க.”

அவன் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. பசிக்கும் முன்பே சாப்பிடுவது! நூறு கிலோமீட்டர் வெயிலில் மிதித்து, சர்க்கரை இறங்காமல், முகம் மாறாமல் பாலவேசம் வாசலில் போய் இறங்கினால் அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? லேபில் கழித்துப்போட்ட சர்க்கரை மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. விரலில் குத்தி அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.

கடையில் எனர்ஜி ஜெல் என்று ஒரு பாக்கெட் வைத்திருக்கிறான். விரல் தண்டி இருக்கிறது, விலை ஒரு பிரியாணி விலை. நக்கிப் பார்த்தால் இருமல் மருந்து. இதைத் தின்றுவிட்டு மிதிக்கிறவன் அப்பன் சம்பாத்தியத்தில் மிதிக்கிறவன். நமக்குப் பெட்டிக்கடைதான்.

ஜனவரி 8

சோதனை: குளுக்கோஸ் பிஸ்கட். திருமங்கலம் வரை போய்த் திரும்பினேன். போகும்போது பறக்கிறது, வரும்போது காலில் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி. சட்டென்று ஏற்றிச் சட்டென்று இறக்கிவிடும் சரக்கு. வாயும் காய்ந்துவிடுகிறது. வேண்டாம்.

திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோக்காரன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். “ஓரமா போயா பெருசு” என்றான். எனக்கு முப்பத்தெட்டு. சைக்கிளைக் குறுக்கே போட்டேன். பக்கக் கண்ணாடியைத் திருகிப் பிடுங்கி அதாலேயே முகத்தில் கொடுத்தேன். மூக்குத்தண்டு நொறுங்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. சட்டையெல்லாம் ரத்தம். உள்ளே இருந்த பெண்கள் கத்தினார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான், நான் என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்தேன்: 96, இறங்கவே இல்லை. ஸ்டிரிப் பழசாக இருக்கும்.

பாலவேசம் சொன்னது வீட்டு விஷயம். ரோட்டுச் சண்டை அந்தக் கணக்கில் வராது.

ஜனவரி 12, ஞாயிறு

சோதனை: நாட்டு வாழைப்பழம். விலை மலிவு, வயிற்றுக்குச் சுகம், கால் தளரவில்லை. குறை என்னவென்றால் முதுகுப் பையில் வைத்தால் வெயிலில் கூழாகி வழிகிறது. தாரோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவும் முடியாது. வழியில் கிடைக்கும் இடத்தில் வாங்கித் தின்றுவிட வேண்டும்.

நாகமலை பக்கம் ஒரு செவலை நாய் துரத்தியது. மற்ற சைக்கிள்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுவார்களாம். நான் இறங்கி, காற்றடிக்கும் பம்பைக் கழற்றினேன். முதல் அடியிலேயே அது படுத்துவிட்டது. பம்பு வளைந்துவிட்டது. இரும்பு பம்பு, லேசில் வளையாது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள், “அது கெடந்துருச்சுப்பா, விட்ருப்பா, விட்ருப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பழம் தின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

இன்று மீட்டர் பார்க்கவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

அம்மா ஊரிலிருந்து வந்து உடன் இருக்கிறாள். பண்டிகை நாளில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீடு என்று அழுதாள். சஷ்டியின் பாவாடை ஒன்று கொடியிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது. எடுக்க மனமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆம்பிளை சத்தம் போட்டால் பெண்கள் பதில் பேச மாட்டார்கள், அடுப்பைப் பற்றவைப்பார்கள். அப்பா செருப்பைக் கழற்றினால் அம்மா முறுக்கோ வடையோ ஒரு தட்டில் போட்டு என் கையில் கொடுத்து அனுப்புவாள். “அப்பாவுக்குப் பசிடா, ஓடு.” பிள்ளை கையில் தட்டு இருந்தால் அப்பா அடிக்க மாட்டார். பெரும்பாலும். இதிலிருந்து தெரிவது என்ன? இந்தப் பசி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. அனுசுயா வந்த புதிதில் அம்மா இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவளும் கைப்பையில் எப்போதும் ஏதாவது வைத்திருப்பாள்தான். அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று?

ஜனவரி 15

தோசை கருகிவிட்டது. கல்லை இழுத்து எறிந்தேன். சுவரில்தான் எறிந்தேன், அம்மா குறுக்கே வந்தாள். முழங்கையில் பட்டது. பட்டது, அவ்வளவுதான். தோல் கொஞ்சம் உரிந்திருக்கிறது. “பசில இருந்தான்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவளே சொன்னாள்.

உண்மையில் அது நான்காவது தோசை.

ஜனவரி 19, ஞாயிறு

சோதனை: கடலைமிட்டாய். கிடைத்துவிட்டது!

இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை. நிலக்கடலை நின்று எரியும், வெல்லம் உடனே ஏறும். பத்து ரூபாய்க்குள் வேலை முடிகிறது. நசுங்காது, வழியாது, வாயில் ஒதுக்கிக்கொண்டு மிதித்துக்கொண்டே இருக்கலாம். பல்லில் ஒட்டுவது ஒன்றுதான் குறை. உச்சி வெயிலில் பாகு இளகும், வாழைச்சருகில் சுற்றி வைத்தால் ஒட்டாது. கூடவே பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் அரைத்த பொடி ஒரு டப்பாவில், தண்ணீர் பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். கிளம்பும் முன் தெருமுனையில் ஒரு டம்ளர் பருத்திப்பால். விருதுநகருக்குப் பாதி வழி வரை போய்த் திரும்பினேன், கண் இருட்டவில்லை, கை நடுங்கவில்லை. மீட்டர் 110. யாரோடும் சண்டை இல்லை.

ரோட்டில் ஆளே இல்லை என்பதும் உண்மை.

சாயங்காலம் லேபில் பாட்டுப் பாடிக்கொண்டே ரத்தம் எடுத்தேன். சஷ்டிக்கு இங்கிருந்து என்ன வாங்கிப் போவது? கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் கொண்டுபோனால் சிரிப்பார்கள். கலர் பென்சில் வாங்க வேண்டும். அவளுக்கு ஊதா நிறம் பிடிக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று சிக்கந்தர் கூட்டத்தோடு போனேன். விருதுநகர் தாண்டி ஒரு ஓட்டலில் இறங்கி எல்லோரும் வெண்பொங்கல், வடை, காபி. நான் இரண்டு பொங்கல். வயிறு கும்மென்று இருந்தது.

திரும்பி வரும்போது ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போய் டீக்கடையில் நின்றது. சிக்கந்தர், “விடுங்கண்ணே, யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றான். நான் விடவில்லை. கிளீனர்தான் முதலில் இறங்கினான், ஒல்லியான ஆள். லுங்கியைப் பிடித்துக் கீழே தள்ளி வாயிலேயே மிதித்தேன். சைக்கிள் ஷூவுக்கு அடியில் இரும்புக் கட்டை உண்டு. பல் ஒன்று தார் ரோட்டில் உருண்டது. டிரைவர் கம்பியோடு வந்தான், அதையும் பிடுங்கிக்கொண்டேன். யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். திரும்பி வீசினேன். சிக்கந்தர்.

புருவம் பிளந்துவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். துண்டு நனைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் போய், “டேய், தெரியாம பட்ருச்சுடா. எனக்குப் பசி வந்தா…” என்றேன்.

“இப்பத்தானண்ணே ரெண்டு பொங்கல் சாப்ட்டீங்க?”

நான் குனிந்து ஷூவைக் கட்டினேன்.

“நான் ஒங்க முன்னாடிதாண்ணே நின்னேன், மொதல்ல. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். பசிச்சவன் மூஞ்சி அப்பிடி இருக்காதுண்ணே. அது சாப்புட்றவன் மூஞ்சி. நல்லா ருசிச்சுச் சாப்புட்றவன் மூஞ்சி.” துண்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்ககூட வர வேணாம்ண்ணே” என்றான்.

மீட்டர் 142. இந்த ஸ்டிரிப் புதுசு.

ஜனவரி 27

சைக்கிள் கடைக்காரனுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 30

முகச் சவரம் செய்யும்போது கண்ணாடியை முழுதாகப் பார்க்கவில்லை. தாடை மட்டும் பார்த்தேன். வெட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

நாளைக்குக் கிளம்புகிறேன். முதுகுப் பையில் கடலைமிட்டாய், டப்பாவில் பொட்டுக்கடலைப் பொடி, இரண்டு பாட்டிலில் உப்புத் தண்ணீர். சாத்தூரில் நிறுத்திக் காரச்சேவு, அது உப்புக்கு. கலர் பென்சில் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். மீட்டரும் எடுத்துக்கொண்டேன்.

அம்மா சாப்பாடு போட்டுவிட்டு அடுக்களை வாசலிலேயே நின்றாள். முழங்கையில் இன்னும் கட்டு. “போய்ச் சண்டை கிண்டை போட்றாதய்யா” என்றாள். “வயித்த நெறச்சிட்டுப் போறேன், அப்பறம் ஏம்மா சண்டை?” என்றேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள், நான் இன்னும் ஏதோ சொல்லிவிடுவேன் என்பது போல.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதினால்தான் தூங்க முடியும்.

வழியெல்லாம் நான் போட்ட திட்டப்படிதான் நடந்தது. பருத்திப்பால், கள்ளிக்குடியில் முதல் மிட்டாய், விருதுநகரில் இட்லி, பசிக்கும் முன் இன்னொன்று, சாத்தூரில் காரச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும். எதிர்க்காற்று. ஒரு பஸ் என்னை மண்ணில் இறக்கிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கோவில்பட்டிக்குள் நுழையும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பாலவேசம் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு விரலில் குத்திப் பார்த்தேன். 108. தங்கமான அளவு. சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

சஷ்டி வாசல்படியில் பலூனோடு நின்றாள். முன்பல் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். வந்தாள், ஓடவில்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்ப்பா” என்றாள். பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் சொல்கிற மாதிரி.

“வாங்க மாப்ள, சைக்கிள்லயா வந்தீக? உக்காருங்க” என்றார் பாலவேசம். கேசரி வந்தது, வடை வந்தது, அதையும் சாப்பிட்டேன். அனுசுயா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையைக் கொஞ்சம் திருப்பி வலது காதை எனக்குக் கொடுத்தபடி. மெலிந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

மீட்டரை எடுத்துக் காட்டினேன். சர்க்கரை, மூளை, பசி என்று எல்லாம் விளக்கினேன். இனிமேல் பையில் எப்போதும் தீனி இருக்கும், பசிக்கும் முன்பே சாப்பிட்டுவிடுவேன், நோயைக் கண்டுபிடித்தாயிற்று, இனி மருந்து பத்து ரூபாய் கடலைமிட்டாய்தான் என்றேன். பாலவேசம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“சரி மாப்ள. நான் கேட்டது ஒண்ணுதான். இந்த ஒரு மாசத்துல யாரு மேலயாவது கை வச்சீகளா?”

“இல்ல மச்சான்.”

அனுசுயா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அத்தை நேத்து போன் பண்ணுனாக.”

“என்னவாம்?”

“முழங்கை எலும்பு விட்டுருக்காம். எக்ஸ்ரே எடுத்தாகளாம். ஒங்களுக்குத் தெரியாதாம்.” பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். “நீ வந்துராத தாயின்னு சொன்னாக. அத்தையே சொன்னாக.”

என் அம்மா. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, என் முதுகுக்குப் பின்னால்! காதுக்குள் இரைச்சல் ஏறியது. எழுந்தேனா, எழவில்லையா, தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது, அப்படியானால் எழுந்திருக்கிறேன். கை விரல்கள் தாமாக மடங்கின. அனுசுயாவின் முகம், அந்த வலது காது, அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. எழுதிவிடுகிறேன்: அந்த நேரத்தில் என் உடம்பில் சோர்வு இல்லை, நடுக்கம் இல்லை. வாயில் எச்சில் ஊறியது.

பாலவேசம் எழுவதற்குள் சஷ்டி எழுந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. பழகிய வேலையைச் செய்கிற மாதிரி கவுன் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு கடலைமிட்டாயை எடுத்தாள். காகிதம் பிரிந்து, இளகி, நூல் ஒட்டிப் போயிருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

“சாப்டுங்கப்பா. பசிக்குதுல்ல? சாப்டுங்க.”

அனுசுயா மெதுவாகச் சொன்னாள்: “ஸ்கூல்ல சேத்தோம்லா, இங்க. மிஸ் கூப்புட்டுக் கேட்டாக. கிளாஸ்ல எந்தப் பய சத்தம் போட்டாலும் இவ எந்திரிச்சிப் போயி மிட்டாய நீட்டுதாளாம். தூங்கும்போதும் கையில ஒண்ண வச்சிருக்கா. எறும்பு மொய்க்கி.”

பிள்ளை இன்னும் மிட்டாயை நீட்டிக்கொண்டே நின்றாள். அவளிடம் கோபம் இல்லை எனக்கு, அவளிடம் எப்போதும் இல்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

“அப்பாவுக்குப் பசிக்கலடா கண்ணு.”

அவள் முகம் என்னவோ ஆயிற்று. மிட்டாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரே வழிதான், அதுவும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். மிட்டாய் தரையில் விழுந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தன் இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

இடது காதை மட்டும்.

நான் குனிந்து மிட்டாயை எடுத்தேன். மண்ணோடு வாயில் போட்டுக்கொண்டேன். “பசிக்குதுடா, பாரு, அப்பா சாப்புட்றேன், பாரு” என்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பாலவேசம் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “வக்கீல் பேசுவாரு” என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். அனுசுயா தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் இருந்து எழுதுகிறேன். பையில் நான்கு மிட்டாய் மிச்சம் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

மிதித்தே வந்து சேர்ந்தேன். வழியில் எதுவும் சாப்பிடவில்லை. விருதுநகருக்கு இந்தப் பக்கம் கை கால் வெலவெலத்து, கண் இருட்டி, ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டேன். மீட்டர் 58 காட்டியது. என் வாழ்நாளில் இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஒரு கார் என் சைக்கிளை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. இறங்கி வந்த ஆள் என்னைத்தான் திட்டினான். எனக்குக் கோபமே வரவில்லை. தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு கையால் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். நான் போனதிலிருந்து அப்படித்தான் நிற்கிறாளோ என்று தோன்றியது. அவளுக்கும் தெரியும், போன் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று; கோவில்பட்டியிலிருந்து சொல்லியிருப்பார்கள். தட்டில் சோறு ஆவி பறந்தது. எனக்கு ஒரு பருக்கை இறங்காது.

“பசி இல்லம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கதவுப் பக்கம் போனது.

சொல்லவில்லை. உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்க, முழுத் தட்டையும் சாப்பிட்டேன்.